ஏழு பிள்ளைக்காரியின் சேலை

கோவணத்தை அவிழ்த்தேன். அவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளையின் தொப்புளுக்குக் கீழே மூன்று கொப்புளம். சுண்டைக்காய் அளவு, உள்ளே நீர் கட்டிப் பளபளவென்று. சுற்றிலும் தோல் செக்கச்செவேலென்று கன்றிக் கிடந்தது. முந்தின நாள் அந்த இடம் லேசாகச் சிவந்திருந்ததைப் பார்த்தேன்தான். கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். விடிவதற்குள் இப்படி ஆகும் என்று யார் கண்டது?

"அண்ணீ!" என்று நான் போட்ட கத்தலில் கொட்டகையில் படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்றன.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மாமியார் இல்லாத வீடு அது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட அண்ணியின் இடுப்பில்தான் சாவிக்கொத்து. அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு கொப்புளம். மூணாவது புள்ள. அய்யோ கமலா, ஆத்தா கணக்கு சொல்றாளே!"

கொப்புளங்களை மறுபடி பார்த்தேன். அடுப்புக்குக் கல் வைத்த மாதிரி முக்கோணமாக மூன்று. எண்ணிப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

முதல் இரண்டும் எனக்குத் தங்கவில்லை. மூத்தது பெண், பதினாறாம் நாள் போனது. அடுத்தது பையன், மூன்று மாசம் முகம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். இது மூன்றாவது. இதுவும் போய்விட்டால் நான் இருக்கமாட்டேன் என்று கிணற்றடியில் நின்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே முடிவு பண்ணியிருந்தேன்.

பாக்கெட்டில் வருகிற கோவணம்

போன வாரம் என் கல்யாணச் சாப்பாட்டுச் சண்டையை எழுதியதற்கு ஒரு வாசகி, "பாட்டி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, இந்த வாரமும் அப்படியே எழுதுங்கள்" என்று கடிதம் போட்டிருக்கிறாள். மன்னிக்கணும் தாயே. இந்த வாரம் சிரிப்பு வராது.

இதை எழுதக் காரணம் என் பேத்தி. ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் நாலு மாசக் குழந்தையோடு இருக்கிறாள். நேற்று ஒரு பாக்கெட்டைப் பிரித்து, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சமாசாரத்தைக் குழந்தைக்கு மாட்டினாள். "இதுல ஒட்டற பட்டை சருமத்துக்கு ஆவாதாம் பாட்டி, அதனால துணிக்கு மாறலாம்னு இருக்கேன். நீங்க எந்தத் துணி போட்டீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். பாவம், என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று முழித்திருப்பாள்.

எந்தத் துணி போட்டேன் என்றா கேட்டாய்? உட்கார், சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி கிடையாது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், முரடாக இருக்கும், பச்சை உடம்பைச் சிராய்த்துவிடும். நூறு தடவை துவைத்து நைந்த சேலைதான் உத்தமம். முழங்கையளவு அகலத்துக்குக் கிழித்து, நாலாக மடித்து, காலிடுக்கில் கொடுத்து, முன்னாலும் பின்னாலும் அரைஞாணில் செருகிவிட வேண்டியது. நனைந்தால் உருவிப் போட்டுவிட்டு அடுத்தது. மழைக்காலத்தில் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவோம். கேழ்வரகுக் களியிலும் அந்தப் புகைவாசம்தான், பிள்ளையின் இடுப்பிலும் அந்தப் புகைவாசம்தான்.

ஒரு முறம் தவிடு

நாங்கள் இருந்தது பாகலூர்ப் பக்கம், கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன ஊர். அப்போது எல்லாம் சேலம் ஜில்லா. ஓசூரில் ஒரு தொழிற்சாலை கிடையாது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் காவேரிப்பட்டினத்துப் பெண். ஆற்றங்கரையில் தமிழ் பேசி வளர்ந்துவிட்டு, பாதிப் பேச்சு கன்னடமும் தெலுங்குமாக இருக்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு, முதல் வருஷம் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பிள்ளை போன வீட்டில் மூன்றாவது பிறந்தால் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெற்ற பிள்ளை எல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பழைய சேலையை யாசகமாக வாங்கி, அதைக் கிழித்துத்தான் பிள்ளைக்குக் கோவணம் கட்ட வேண்டும். அதோடு அந்தப் பிள்ளையை அவளுக்கே ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். பிள்ளை எங்களுடையது இல்லை, அவளுடையது என்று எமனை ஏமாற்றுகிற வேலை. பிள்ளை பெரியவனானதும் நாம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ஏழு பெற்று ஏழும் உயிரோடு இருந்தவள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருத்திதான். முனியம்மா. எங்கள் வயலில் கேழ்வரகு அறுக்கிறவள். சேரியில் இருந்தாள்.

இப்போது எழுதக் கை கூசுகிறது. அவள் எங்கள் வாசல்படிக்கு வரக்கூடாது. எங்கள் கிணற்றைத் தொடக்கூடாது. தாகம் என்றால் கையைக் குவித்து நிற்பாள், அண்ணி மேலேயிருந்து ஊற்றுவாள். ஆனால் அவள் கட்டி அவிழ்த்த சேலை மட்டும் எங்கள் வீட்டு வாரிசின் இடுப்புக்கு வேண்டும்! என்ன நியாயம் இது என்று கேட்க அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. பிள்ளை தங்கினால் போதும் எனக்கு.

அண்ணிதான் ஆள் அனுப்பினாள். பிள்ளையைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே குப்பைமேட்டு ஓரம் முறத்தில் போட்டோம். முனியம்மா வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

"இது எம் புள்ள. திப்பையான்னு பேரு வெச்சேன். எம் புள்ளைய நல்லா வளத்துக் குடுங்க தாயே."

திப்பை என்றால் கன்னடத்தில் குப்பை. அந்தப் பேர்தான் இன்றுவரை அவனுக்கு. அவள் பிள்ளையைத் திரும்ப முறத்தில் விட்டதும் அண்ணி மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தூக்கிக்கொண்டாள். கூடவே செங்காவி நிறத்தில் ஒரு பழைய சேலை. ஏழு பிள்ளையைச் சுற்றி வளர்த்த சேலை. தொட்டால் வெண்ணெய் மாதிரி இருந்தது. பன்னிரண்டு துண்டு கிழித்தேன்.

பச்சைக் கரை போட்ட ஒன்று

வெளுப்பவள் கங்கம்மா. என் வயசுக்காரி. வாரம் ஒரு நாள் கொல்லைப்புறம் வந்து அழுக்கை எடுத்துப்போவாள், மறுநாள் கொண்டுவருவாள். இடையில் நாங்களே அலசிக்கொள்வோம். கன்னடமும் தமிழும் கலந்து படபடவென்று பேசுவாள்.

பிள்ளைக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஒரு நாள் துணியை எண்ணினேன். பன்னிரண்டு சரியாக இருந்தது. ஆனால் ஒன்று முனியம்மா சேலை இல்லை. பச்சைக் கரை போட்ட யாரோ வீட்டுத் துணி. எந்த வீட்டுத் துணியோ, அந்த வீட்டில் எத்தனை பிள்ளை போனதோ, அதை என் பிள்ளைக்குக் கட்டியிருப்பேனே!

கங்கம்மாவைப் பிடித்துக் காய்ச்சினேன். "மத்தத் துணிக்கெல்லாம் குறி வெக்கறே இல்ல? இதுக்கும் வெச்சு எடுத்துப் போயேன்!"

"கொழந்தைத் துணிக்குக் குறி வெக்கறதில்லம்மா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, மூட்டையைக் கழுதைமேல் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வெளுப்பவளிடம் போய் ஏன் என்று கேட்பதா என்ற திமிரும் இருந்தது.

காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் துணிக்கு வண்ணார் குறி வைப்பதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். சேங்கொட்டை என்று ஒரு காட்டு விதை. அதைச் சூடான ஊசியால் குத்தினால் கறுப்பாய் ஒரு பால் வரும். அதைத் தொட்டு வைத்தால் துணி கிழிகிற வரைக்கும் அழியாது. இதென்ன பெரிய வித்தை? சந்தையில் நாலு சேங்கொட்டை வாங்கிவரச் சொன்னேன். மத்தியானம் எல்லோரும் வயலுக்குப் போனபிறகு, மாறிப்போனதற்குப் பதில் கங்கம்மா தேடிக் கொடுத்ததையும் சேர்த்துப் பன்னிரண்டு துண்டிலும் ஓரத்தில் எங்கள் அம்மா வீட்டுக் குறியையே வைத்தேன். சாமர்த்தியசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து என் வலது கை ஆள்காட்டி விரல் அரித்துத் தோல் உரிந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று எண்ணெய் தடவிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் நான் கத்திய அந்தக் கத்தல்.

வீதியில் விழுந்த மூட்டை

சாயங்காலத்துக்குள் இடுப்புக்குப் பின்னாலும் கொப்புளம் வந்துவிட்டது. கொப்புளம் உடைந்து நீர் பட்ட இடமெல்லாம் புண். பிள்ளை ஓயாமல் வீல் வீலென்று அழுதது. அம்மை என்று வேப்பிலை செருகினோம். அம்மை என்றால் உடம்பெல்லாம் வர வேண்டுமே, ஏன் இடுப்போடு நின்றது என்று அண்ணிக்கு யோசனை. யோசித்து யோசித்து அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தத் துணிதான்! அவ வீட்டுச் சொறியும் செரங்கும் அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ஏழும் எப்படி உயிரோட இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. அதுங்க நோவெல்லாம் சேலைல ஏத்தி நம்ம தலையில கட்டிட்டா!"

சேலைக்கு ஆள் அனுப்பினதே அண்ணிதான். அதை யார் கேட்பது?

மாமா, அதாவது என் மாமனார், அதிகம் பேசாத மனுஷர். கோபம் வந்தால் இன்னும் பேசமாட்டார். முனியம்மாவை வரச் சொன்னார். பன்னிரண்டு துண்டையும் மூட்டையாகக் கட்டி வீதியில் அவள் காலடியில் விசிறி எறிந்தார். "உங்கையால கொளுத்து. இனிமே நீயோ உம் புருஷனோ என் வயல்ல கால் வெக்கக் கூடாது" என்றார். கேழ்வரகு அறுப்பு தொடங்குகிற நேரம். அந்த அறுப்புக் கூலியை நம்பித்தான் ஏழு பிள்ளையும் வருஷம் பூராவும் சாப்பிட வேண்டும்.

"சாமி, எம் பிள்ளைங்களுக்கு ஒரு செரங்கும் இல்ல சாமி. வந்து பாருங்க" என்றாள் முனியம்மா. யார் போய்ப் பார்ப்பது? அவள் சேலையை அவளே கொளுத்தினாள். நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நானும் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். வாய்க்குள் திட்டினேன்கூட.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினோம், எட்டே நாளில் புண் காய்ந்துவிட்டது! "பாத்தியா? நான் சொன்னனா இல்லியா?" என்று அண்ணி ஊரெல்லாம் சொன்னாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஊரே நம்பிவிட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

காய்கறி வண்டியோடு பெங்களூர் போன என் வீட்டுக்காரர் வரும்போது ஒரு சுருள் மல் துணி வாங்கி வந்தார். வெள்ளை வெளேரென்று, ஊதினால் பறக்கிற துணி. கஞ்சி போக ஐந்தாறு தடவை அலசி, பன்னிரண்டு துண்டாகக் கிழித்தேன். இத்தனை ஆசையாக வாங்கி வந்ததைக் கங்கம்மா தொலைத்துவிட்டால்? மிச்சமிருந்த சேங்கொட்டையை எடுத்துக் குறி வைத்தேன்.

மூன்றாம் நாள் மறுபடி கொப்புளம்.

கங்கம்மா கேட்ட கேள்வி

இந்தத் தடவை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பிள்ளை மார்பில் வாய் வைக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது. முந்தினவனும் கடைசி நாளில் இப்படித்தான் முனகினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

துணி புதுசு, முனியம்மா கை படாதது. அப்படியும் அண்ணி விடவில்லை. "மண்ணை வாரித் தூத்தியிருக்கா. அவ வயித்தெரிச்சல்தான் இது" என்றாள். மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தக் குடும்பம் ஊர்ல இருக்கக் கூடாது" என்று சொல்லி முனியம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்துக் கங்கம்மா கொல்லைப்புறம் வந்தாள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். அழுக்குத் துணியைக் கையில் எடுத்தவள் அதைத் தீ சுட்ட மாதிரி கீழே போட்டாள்.

"அய்யய்யோ, ஏனம்மா இது? யாரு வெச்ச குறி?"

எனக்கு அவள் கேட்டது புரியவில்லை. குறியைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று எரிச்சல்தான் வந்தது.

"பச்சப் புள்ளத் துணிக்கு எந்த வண்ணாத்தியாவது சேங்கொட்டை வெப்பாளா? அது தோலைத் தின்னுடும்மா! பெரியவங்க துணிக்கே சுண்ணாம்பு தேச்சு, வெள்ளாவில அவிச்ச பொறவுதான் குடுப்போம். எங்க கையெல்லாம் பாருங்க!" என்று தழும்பு ஏறிய விரல்களை நீட்டினாள். பிறகு ஒரு துண்டை எடுத்து மடித்து, பிள்ளையின் மேல் படாமல் இடுப்புக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

எங்கள் அம்மா வீட்டு வண்ணார் குறி மூன்று புள்ளி. முக்கோணமாக மூன்று புள்ளி.

மடித்துச் செருகினால் அந்த மூன்று புள்ளியும் தொப்புளுக்குக் கீழே, கொப்புளம் வந்த அதே இடத்தில் அச்சுப் போட்டாற்போல் வந்து உட்கார்ந்தது. துணியைத் திருப்பிக் கட்டினால் பின்பக்கம். ஆத்தா கணக்குச் சொல்லவில்லை. எமன் வரவில்லை. நான்தான் என் பிள்ளையின் வயிற்றில் என் கையாலேயே புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அது வெறும் பேச்சில்லை. காது இரண்டும் அடைத்துப்போயிற்று. கங்கம்மாவின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என்னைச் சுடவில்லையே, வாயில்லாத சிசுவை அல்லவா சுட்டது!

அண்ணி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"வாயத் தொறக்காதே. மூணாவதையும் மருமக கையாலயே கொல்லப் பாத்தான்னு பேராயிடும். குறி வெக்கறது யாரு தொழிலு? வண்ணாத்தி வெச்சுட்டான்னு சொன்னா முடிஞ்சுது."

கங்கம்மா அங்கேயே நின்றிருந்தாள். அவள் நிற்பது தெரிந்தேதான் அண்ணி அதைச் சொன்னாள். கங்கம்மா பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தாள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவளுக்கு எங்கள் வீட்டில் கிடைக்கிற மரியாதை!

"வழி விடுங்க"

வீதியில் முனியம்மாவின் குரல் கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடை வரைக்கும் போனேன். வாசலுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். புருஷன் அவளுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு. மாமா படியில் நின்று, பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லி முடித்தார்.

அவள் அழுவாள், காலில் விழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

"போறேன் சாமி. எம் புள்ளையக் குடுங்க" என்றாள்.

"உம் புள்ளையா?" என்று அண்ணி சீறினாள்.

"தவுடு குடுத்து வாங்கினவ நானு. பேரு வெச்சவ நானு. நீங்க இன்னும் திருப்பி வாங்கலியே? வளத்துக் குடுங்கன்னுதான் விட்டுட்டுப் போனேன். இப்பிடியா வளக்கறீங்க? கொழந்த பால் குடிக்கலியாம். ஊரே சொல்லுது. இல்ல, அது எம் புள்ள இல்ல, வித்தது பொய்யின்னு எஜமான் வாயால சொல்லட்டும். நான் போயிடறேன்."

மாமாவின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. விற்றது பொய் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? சொன்ன மறுநிமிஷம் பிள்ளை எங்களுடையது ஆகிவிடும். எங்கள் பிள்ளைகள் தங்காது. ஊரையே அடக்கி ஆண்ட மனுஷர் வாயைத் திறந்தார், மூடினார்.

"வழி விடுங்க" என்றாள் முனியம்மா.

அண்ணி அலறினாள். ஆனால் மாமா நகர்ந்தார். ஐயோ, அவர் நகர்ந்ததை என்னால் நம்பவே முடியவில்லை! முனியம்மா எங்கள் வாசல்படியைத் தாண்டி நடைக்குள் வந்து, என் எதிரே கையை நீட்டினாள். அப்போதுதான் எனக்குக் காதடைப்பு விட்டது.

"நான்தான். சேங்கொட்டைக் குறி வெச்சது நான்தான். முதல்லயும் நான்தான், இப்பவும் நான்தான். உன் சேலைல ஒண்ணுமில்ல. கங்கம்மாளும் ஒண்ணும் பண்ணல" என்று வீதிக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விடுவாள் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழு பெத்தவ வாசல்ல நிக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு ஒனக்கு வாயில்லாம போச்சா?" என்றாள். பெற்றவள், எஜமான் வீட்டு மருமகள் என்றெல்லாம் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை நீ என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று சேரியைப் பார்த்து நடந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். பால் கொடுக்க வேண்டியவள் ஆயிற்றே. "கமலா, அங்க போனா திரும்பி வராதே!" என்று அண்ணி கத்தியது முதுகில் விழுந்தது.

துணியே வேண்டாம்

ஒன்பது நாள் முனியம்மாவின் குடிசையில் இருந்தேன். பிள்ளைக்கு அவள் துணியே கட்டவில்லை. வாழைக் குருத்தை விரித்து அதன்மேல் அம்மணமாகப் போட்டாள். இலை வாடினால் வேறு இலை. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டுத் தடவினாள். ஏழு பிள்ளைகளும் முறை போட்டுக்கொண்டு ஈ விரட்டின. அந்த ஏழில் ஒன்றுக்கும் ஒரு சிரங்கு இல்லை. எல்லாவற்றையும் நான் உற்று உற்றுப் பார்த்தேன். பார்த்ததற்கு வெட்கப்பட்டேன்.

மூன்றாம் நாள் பிள்ளை பால் குடித்தது. நான் வாய்விட்டு அழுதேன். முனியம்மா, "அழுதா பால் கட்டிக்கும், களிய முழுங்கு" என்று அதட்டினாள். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி ஒரு குடம் சாணித் தண்ணீரை என் தலையில் கொட்டினாள். பேசாமல் நின்று நனைந்தேன். முனியம்மாவும் அவள் புருஷனும் அறுப்புக்கு வந்தார்கள். மாமா தடுக்கவில்லை. தப்பு என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. கங்கம்மா எங்கள் வீட்டுத் துணியை எடுப்பதை அன்றோடு விட்டுவிட்டாள்.

திப்பையாவுக்கு ஐந்து வயசானதும் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்க ஆள் அனுப்பினார் மாமா. "எஜமான் தவிட்டு முறத்தோட எங்க வீட்டு வாசலுக்கு வரட்டும், குடுக்கறேன்" என்று முனியம்மா சொல்லியனுப்பினாள். மாமா போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்து, போகாமலே கண்ணை மூடினார். நாங்களும் அதை மறந்துவிட்டோம். பையன் வளர்ந்தான், படித்தான். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்ததும் ஒன்றில் பிட்டராகச் சேர்ந்தான். முனியம்மாவைத் தன்னோடு ஓசூரில் வைத்துக்கொண்டிருந்த அவள் கடைசி மகனும் அவனும் ஒரே ஷிப்ட்.

அவனுக்கு முப்பது வயசு நடக்கும்போது ஒரு நாள். காலை ஷிப்டுக்குப் போனவன் பொழுது சாயும் நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தான். தலை மொட்டை. மீசையும் இல்லை.

பெற்றவர்கள் போனால்தான் பிள்ளைகள் அப்படி எடுப்பார்கள். இவன் அப்பா பின்னால் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். நான் குத்துக்கல் மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

"அடப் பாவி, என்னடா இது? நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கறப்ப யாருக்குடா எடுத்தே?"

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தான்.

"அம்மா செத்துட்டாங்கம்மா" என்றான்.